தாத்தா நட்ட காப்பியும் சேமநிதிப் பணமும்

கேள்வி: மலேசியாவில் குளுவாங் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் லிபெரிக்கா ரகக் காப்பி இருக்கிறது. தாத்தா நட்டது, அப்பாவுக்குப் பின் நான் பார்க்கிறேன். பழத்தைத் தவுக்கே (மொத்த வியாபாரி) வாங்கிக்கொள்கிறார். நாமே வறுத்து விற்கலாம் என்கிறான் மகன். எனக்கு 55 வயது. ஊழியர் சேமநிதியிலிருந்து (EPF) 60,000 வெள்ளி (ரிங்கிட்) எடுத்து வறுக்கும் இயந்திரம் வாங்கலாமா? கிராண்ட் (நிலப் பட்டா) இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. அவர் உயில் எழுதவில்லை.

பதில்: ஐயா, இயந்திரத்தை விட அவசரம் அந்தக் கிராண்ட்தான். உயில் இல்லாததால் 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டப்படி தாத்தாவின் பிள்ளைகள் எல்லாருக்கும் சம பங்கு. ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. கல்யாணமாகிப் போன அத்தைகளுக்கும் உண்டு. அப்பாவின் பங்கு அம்மாவுக்கும் உங்களுக்கும் உங்கள் உடன்பிறப்புகளுக்கும். என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில் இதை இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, கடைசியில் 17 பேரைத் தேடி அலைந்தார்கள். இரண்டு பேர் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதே தெரியவில்லை. அத்தைகள் இருக்கும்போதே நில அலுவலகத்தில் பூசாக்கா கெச்சில் (சிறு சொத்துப் பகிர்வு) மனுப் போட்டுவிடுங்கள்.

அப்புறம் வியாபாரக் கணக்கு. லிபெரிக்காவுக்குத் தோலும் சதையும் தடிப்பு. சுமார் பத்து கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பச்சைக்கொட்டை. வறுத்தால் அதுவும் 800, 850 கிராம்தான். 40 கிலோ மூட்டை உங்கள் கையில் மூன்றேகால் கிலோ தூளாக நிற்கும். அந்த மூட்டைக்குத் தவுக்கே தரும் பணத்தோடு உரிக்க, காயவைக்க, வறுக்க, பொட்டலம் போட ஆகும் செலவையும் மகனின் கூலியையும் கூட்டுங்கள். அதற்கு மேல் தூள் விலை நிற்காவிட்டால் பழமாகவே கொடுப்பது லாபம். மகனின் கூலியை விட்டுவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். பலர் அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இயந்திரம் இப்போது வேண்டாம். வறுக்கும் இடத்தில் கூலி கொடுத்து, மாதம் இரண்டு மூட்டை, ஆறு மாதம் செய்து பாருங்கள். முதல் பொட்டலம் சொந்தக்காரர்கள் வாங்குவார்கள். மூன்றாவது பொட்டலத்தை யார் கேட்டு வருகிறார்கள் என்று மகன் ஒரு நோட்டில் எழுதட்டும்.

சேமநிதியை 55 வயதில் முழுதாக எடுக்க வேண்டியதில்லை. தேவையானதை மட்டும் எடுத்தால் போதும். மிச்சத்துக்கு 100 வயது வரை ஈவுத்தொகை வரும், சாதாரணச் (ஷரியா அல்லாத) சேமிப்புக்குச் சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு. மொத்தச் சேமிப்பு எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. இந்தச் சோதனைக்கு அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தொடாதீர்கள். மரங்கள் தாத்தா காலத்திலிருந்து நிற்கின்றன, இன்னும் ஆறு மாதம் நிற்கும்.

முதல் வறுவலில் ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு பெரிய அத்தை வீட்டுக்குப் போங்கள். நில அலுவலக விசாரணைக்கு அவரும் வர வேண்டியிருக்கும் என்பதை அன்றைக்கே நேரில் சொல்லிவிடுங்கள்.