பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதிரியக்கத்தையும் வானியலையும் சேர்த்து எப்படி நடத்துவது?

கீழடியிலிருந்து ஆரம்பியுங்கள். மதுரைக்குக் கிழக்கே ஓர் அரசுப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன், எனக்குக் கைகொடுத்த வழி அதுதான். ஒன்பதாம் வகுப்பில் அண்டம், பத்தாம் வகுப்பில் அணுக்கரு இயற்பியல் என்று புத்தகம் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. ஆல்பா, பீட்டா, காமா அட்டவணையைப் போர்டில் எழுதினால் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிட்டு மறந்துவிடுவார்கள்.

கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரி மாதிரியின் காலம் கி.மு. 580 என்று 2019-ல் தொல்லியல் துறை வெளியிட்டது. "கரிக்கு எப்படி சார் வயசு கண்டுபிடிக்கிறாங்க?" என்று யாராவது கேட்பார்கள். அப்போது புளியமுத்தை எடுங்கள். தாயம் விளையாடத் தேய்ப்பது போல ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த நூறு முத்து. ஒவ்வொரு முத்தும் ஒரு கதிரியக்க அணு, வெள்ளை விழுந்தால் அது சிதைந்துவிட்டது என்று கணக்கு. சிமெண்டுத் தரையில் பிள்ளைகளே தேய்த்துக் கொண்டுவருவார்கள். குலுக்கிப் போட்டு, வெள்ளை விழுந்ததை விலக்கி, மிச்சத்தை எண்ணி மறுபடி போட வேண்டும். அடுத்து எந்த முத்து போகும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஆனால் வரைபடம் போட்டால் எல்லாக் குழுவுக்கும் கிட்டத்தட்ட ஒரே வளைவு. (தேய்த்த முத்து சரிபாதியாக விழாது. பரவாயில்லை, அரை ஆயுளை, அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலத்தை, வளைவிலிருந்தே எடுக்கட்டும்.) உயிரோடு இருக்கும்வரை மரத்துக்குள் சேரும் கதிரியக்கக் கார்பன்தான் கார்பன்-14, மரம் செத்தபின் அது சிதைந்து குறையும், அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டு என்று மட்டும் சொல்லுங்கள். 2,600 ஆண்டில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக, 73 சதவீதம் போல மிஞ்சும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அப்புறம்தான் வானம். இப்படிக் குறைந்துகொண்டே போனால் கார்பன்-14 எப்போதோ தீர்ந்திருக்க வேண்டாமா? விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதி நியூட்ரான்களைத் தெறிக்க விடுகின்றன; அவை நைட்ரஜனைத் தாக்கிக் கார்பன்-14-ஐப் புதிதாக உண்டாக்குகின்றன. 1912-ல் இயற்பியலாளர் விக்டர் ஹெஸ் பலூனில் 5 கி.மீ.க்கு மேல் ஏறி, உயரே போகப் போகக் கதிர்வீச்சு கூடுவதைக் கண்டார். அதே ஆண்டு சூரிய கிரகணத்தின்போதும் பறந்தார், அளவு குறையவில்லை. இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்டுவிட்டுச் சும்மா நில்லுங்கள். "அப்ப சூரியன்ல இருந்து வரல சார்" என்று கடைசி பெஞ்சிலிருந்துகூட பதில் வரும்.

உள்ளங்கையை நீட்டச் சொல்லி, காஸ்மிக் கதிர் காற்றில் மோதும்போது பிறக்கும் மியூவான் என்ற துகள் நொடிக்கு ஒன்றாவது அதைத் துளைத்துப் போகிறது என்றால் வகுப்பே கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். "கேன்சர் வருமா சார்?" என்பது அடுத்த கேள்வி. மனிதன் தோன்றிய நாள் முதல் இருக்கும் இயற்கை அளவு இது என்று விளக்குங்கள்.

கதிர்வீச்சை அளக்கும் கைகர் கவுண்ட்டர் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாடம் நிற்காது. கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறதே என்று பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டிலை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். பொடிந்து மூச்சில் போகும்.