முகாமுக்குப் பந்தல் போடும் முன்

கள்ளக்குறிச்சி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் மகளிர் குழுவில் சிலர் தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறார்கள். ஒரு வீட்டுப் பையன் தனக்குத்தானே பேசிக்கொள்கிறான். தனியார் டாக்டரிடம் போக வசதியில்லை. ஊரில் இலவச மனநல முகாம் வைக்கலாமா? நாங்களே கவுன்சலிங் கொடுக்கலாமா?"

முகாம் வைக்கலாம். ஆனால் கண் முகாமில் கண்ணாடி கொடுத்து அனுப்புவதுபோல இது ஒரே நாளில் முடியாது. மனச்சோர்வு மாத்திரை வேலைசெய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். குணமான பிறகும் பல மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். முகாமில் மாத்திரை வாங்கியவர் பத்தே நாளில், "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்திவிடுவார். அதைத்தான் அடிக்கடி பார்க்கிறோம்.

அதனால் பந்தல் செலவை மிச்சப்படுத்தி, ஒரு தேதியைக் கண்டுபிடியுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் குழு குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வருகிறது. உங்கள் பக்கம் எந்த இடம், எந்த நாள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ கேளுங்கள். ஆலோசனை, மாத்திரை இரண்டும் இலவசம். கூடவே பஸ் ஏறிப் போவது, அடுத்த தேதியை ஞாபகப்படுத்துவது, மாத்திரை தீர்ந்ததா என்று விசாரிப்பது: உங்கள் குழுவால் இதையெல்லாம் டாக்டரைவிட நன்றாகச் செய்ய முடியும்.

போக முடியாதவர்களுக்கு 14416 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவை, 24 மணி நேரமும், தமிழிலும், கட்டணமின்றி.

சரி, கவுன்சலிங்? டாக்டர் அல்லாதவர்களாலும் முடியும். கோவாவில் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் ஆறு முதல் எட்டு சந்திப்புகளில் மனச்சோர்வைக் குறைத்ததாக 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. ஜிம்பாப்வேயில் பாட்டிமார்கள் பெஞ்சில் உட்கார்ந்து இதைச் செய்கிறார்கள். ஆனால் இரண்டு இடத்திலும் பயிற்சியும் மேற்பார்வையும் உண்டு. மாவட்டக் குழுவிடம் பயிற்சி கேளுங்கள். அதுவரை காது கொடுத்துக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "எல்லாம் சரியாப் போயிடும்" என்று பேச்சை வெட்டாமல் இருந்தாலே பாதி உதவி.

அந்தப் பையனுக்குப் பேச்சு போதாது, சீக்கிரம் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். வீட்டார் கோயில், தர்கா என்றால் தடுக்காதீர்கள், மாத்திரையும் சேரட்டும். 2001இல் தர்காவுக்குப் பெயர்போன ஏர்வாடியில், ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். இன்று அதே ஊர் தர்காவில் பிரார்த்தனையோடு மனநலச் சிகிச்சையும் கிடைக்கிறது. பையனைக் கட்டிப்போட மட்டும் விடாதீர்கள்.

யாராவது "வாழ்ந்து என்ன பண்ண" என்றால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியே விடாமல், வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அப்புறப்படுத்திவிட்டு 14416-ஐ அழையுங்கள். யாரேனும் முயன்றுவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். போலீஸ் கேஸ் வருமோ என்று தயங்க வேண்டாம்: 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே பார்க்கிறது.

அப்புறம், யார் சிகிச்சைக்குப் போகிறார் என்பது வாட்ஸ்அப் குழுவில் வரக் கூடாது, நல்லெண்ணத்தோடு என்றாலும். ஒருவர் பெயர் வெளியானால் அடுத்தவர் உங்களிடம் வரமாட்டார்.