கேங்டாக்கிலிருந்து ஒரே நாளில் நாதுலா கணவாய்க்குப் போய் வர முடியுமா? அறுபது தாண்டிய அம்மாவை அழைத்துப் போகலாமா?

முடியும். அழைத்துப் போகலாம். அம்மாவைப் பார்க்கும் டாக்டர் சரி என்று சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். நேரம் இல்லாதவர்கள் இத்தோடு கிளம்பலாம்.

மற்றவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் கேள்வியில் எழுதவில்லை என்றாலும் எனக்குத் தெரியும், உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் "வயசானவங்களை அத்தனை உயரத்துக்கு இழுத்துட்டுப் போறியே, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்று கேட்டுவிட்டார், அந்த எரிச்சலில்தான் இங்கே வந்து கேட்கிறீர்கள். எங்கள் வீட்டில் அப்படிக் கேட்டவர் என் தங்கை வீட்டுக்காரர். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. காலையில் ஜிம், மாலையில் ஷட்டில், முட்டையில் மஞ்சளை எடுத்துவிட்டுச் சாப்பிடுகிற ஆள். அவர் இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. சிக்கிமின் தலைநகர் கேங்டாக் சுமார் 1,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சீன எல்லையில் இருக்கும் நாதுலா 4,310 மீட்டர், அடியில் சொன்னால் 14,140. இரண்டுக்கும் நடுவே ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம்தான். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர், அதாவது காலையில் டீ குடித்துவிட்டு வண்டியில் ஏறினால், மதியத்துக்குள் ஒரு முழு தொட்டபெட்டா உயரத்தை ஏறிவிடுகிறீர்கள். மேலே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான், எனவே ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. மூச்சு வாங்கும், தலை லேசாகக் கனக்கும், நாலு படி ஏறினால் நெஞ்சு படபடக்கும். இது எல்லோருக்கும் வருவது, பயப்பட வேண்டியதில்லை.

உயர நோய் என்று சொல்கிறார்களே, விடாத தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் எல்லாம், அது பெரும்பாலும் மேலே போய் ஆறு மணி நேரத்துக்கு அப்புறம்தான் தலைகாட்டும். அதற்குள் நீங்கள் கேங்டாக்குக்கே இறங்கி வந்திருப்பீர்கள். இரவுத் தூக்கம் கீழே என்பதுதான் இந்த ஒரு நாள் பயணத்தில் நமக்குச் சாதகமான விஷயம். லடாக் வேறு மாதிரி. விமானத்தில் போய் 3,500 மீட்டர் லே நகரில் இறங்கி அங்கேயே படுக்கிறோம், அதனால்தான் அங்கே முதல் இரண்டு நாள் அசையாமல் இருக்கச் சொல்கிறார்கள். (லடாக் போய் வந்தவர்கள் "கார்துங் லா பார்த்த எங்களுக்கு இதெல்லாம் ஒரு உயரமா" என்று கீழே எழுதுவீர்கள். எழுதுங்கள். அந்தக் கணவாயில் பலகையில் 18,380 அடி என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அளந்து பார்த்தவர்கள் 17,582 என்கிறார்கள். பலகையோடு நின்று படம் எடுத்தவர்கள் அதையும் சேர்த்து எழுதுங்கள்.)

நான் டாக்டர் இல்லை. இதய நோய், ஆஸ்துமா, அண்மையில் அறுவை சிகிச்சை என்று எதுவும் இருந்தால் என் பதிலை நம்பி யாரையும் மலையேற்ற வேண்டாம். உயர நோய்க்கென்று போடுகிற டயமாக்ஸ் மாத்திரையையும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்கிப் போடாதீர்கள். என் அம்மாவுக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு, முழங்கால் வலி உண்டு. கிளம்புவதற்கு முன் இதய டாக்டரிடம் காட்டி, எடுக்கச் சொன்ன சோதனையெல்லாம் எடுத்து, அவர் தலையாட்டிய பிறகுதான் பெர்மிட்டுக்குப் போட்டோ கொடுத்தோம். இதை எத்தனை முறை சொன்னாலும் எங்கள் சொந்தக்காரர்கள் காதில் ஏறாது, இங்கேயாவது பதிந்து வைக்கிறேன்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். தங்கை வீட்டையும் சேர்த்துக்கொண்டு ஒரு வண்டியை ரிசர்வ் செய்து போனோம். கேங்டாக் கடைத்தெருவில் மாப்பிள்ளை அம்மாவுக்கென்று ஆக்சிஜன் டப்பா ஒன்று வாங்கினார், கற்பூரத்தைத் துணியில் முடிந்து கொடுத்தார், பாப்கார்ன் கொறித்துக்கொண்டே போனால் மூச்சு முட்டாது என்று யாரோ சொன்னதை நம்பி அதையும் வாங்கினார். கற்பூரத்துக்கும் பாப்கார்னுக்கும் ஆக்சிஜனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த டப்பாவும் சில நிமிஷத்துக்குத்தான் வரும். ஆனாலும் அக்கறையில் வாங்குகிறவரை நாம் என்ன சொல்வது?

சாங்கு ஏரி வரைக்கும் எல்லாம் நன்றாகப் போனது. பலகையில் சோம்கோ என்று இருக்கும், டிரைவர்கள் சாங்கு என்பார்கள், 3,753 மீட்டர். மாப்பிள்ளை யாக் மேல் ஏறினார், இறங்கி ஓடிப்போய்ப் படம் எடுத்தார், திரும்ப ஓடி வந்தார். அம்மா வண்டிக்குள் உட்கார்ந்து கொதிக்கக் கொதிக்க டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, "மெதுவா வாங்க மாப்பிள்ளை, ஏரி எங்கீங்க போயிரப் போகுது" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

நாதுலாவில் வண்டி நிற்கும் இடத்திலிருந்து எல்லை வேலிக்குப் படிக்கட்டு ஏற வேண்டும். அம்மா ஐந்தாறு படிக்கு ஒரு தடவை நிற்பார், கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி வாயைக் குவித்து மூச்சை வெளியே விடுவார், பிறகு ஏறுவார். அங்கே நின்ற ஜவான் ஒருவர் "தீரே தீரே, மாதாஜி" என்றார், மெதுவாக மெதுவாக அம்மா என்று. இந்தி தெரியாத அம்மாவுக்கு அது நன்றாகவே புரிந்தது. மாப்பிள்ளை இரண்டிரண்டு படியாகத் தாவி எங்களுக்கு முன்னால் போய்விட்டார். நாங்கள் பாதியில் இருக்கும்போது மேலே ஒரு படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்துப்போய், நெற்றியில் அந்தக் குளிரிலும் வியர்வை. "காலைல சாப்பிட்ட மோமோ சரியில்ல மச்சான்" என்றார். காலையில் நாங்கள் சாப்பிட்டது பிரெட்டும் ஜாமும்.

அம்மாவுக்கு வாங்கிய ஆக்சிஜன் டப்பா அங்கேதான் திறந்தது. ஜவான் வந்து பார்த்தவர் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை, இவரை உடனே கீழே இறக்குங்கள் என்று மட்டும் சொன்னார். அதுதான் சரியான மருந்தும். அம்மா அவசர அவசரமாக வேலிவரை போய் எட்டிப் பார்த்துவிட்டு, இறங்கும்போது மாப்பிள்ளையின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். சாங்குவுக்கு இறங்கியதும் மாப்பிள்ளை பழையபடி ஆகிவிட்டார், ஒரு தட்டு மேகி சாப்பிட்டார். உடல் வலுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை, யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வேகமாக ஏறினால், மேலே போய் உடம்பை வருத்தினால், வர வாய்ப்பு கூடும். முழங்கால் வலி எங்கள் அம்மாவை மெதுவாக நடக்க வைத்தது, அதுவே அவருக்கு நல்லதாகப் போனது என்றுதான் நினைக்கிறேன்.

இதில் எனக்கு வருத்தம் எங்கே என்றால், ஊருக்கு வந்த பிறகு ஒரு கிரகப்பிரவேசத்தில் மாப்பிள்ளை பந்தி நடுவே உட்கார்ந்து "அத்தைக்கு மேல மூச்சு முட்டிப் போச்சு, நான் ஆக்சிஜன் கொண்டுபோனதால தப்பிச்சாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆதாரத்தைக் காட்டலாம் என்றால் எல்லையில் படம் எடுக்கத் தடை. அம்மாவோ "போகுது விடு, மாப்பிள்ளைதானே" என்று சாம்பாரை வாங்கிக்கொண்டார்.

படம் எடுக்க முடியாதது ஒரு வகையில் நல்லது, ஜனங்கள் கண்ணால் பார்க்கிறார்கள். முள்வேலி, அந்தப் பக்கம் சீனக் கட்டடம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் அவர்கள் சிப்பாய்கள். 1967 செப்டம்பரில் இதே இடத்தில் நம் ஆட்கள் வேலி போடப் போய்த்தான் சண்டை மூண்டு, பீரங்கி வரை போய், இரண்டு பக்கமும் உயிர்கள் போயின. 1962 போரோடு நின்ற வியாபாரம் 2006 ஜூலை 6-ல்தான் திரும்பத் திறந்தது. அம்மாவுக்கு இதையெல்லாம்விட பாபா மந்திர்தான் பிடித்தது. 1968-ல் இந்தப் பக்கத்தில் பணியில் இருந்தபோது இறந்துபோன ஹர்பஜன் சிங் என்ற சிப்பாயின் கோயில். அவர் இன்றும் இரவில் எல்லையைச் சுற்றி வருகிறார் என்று நம்பி, படுக்கை விரித்து, சட்டை மடித்து, பூட்ஸ் துடைத்து வைக்கிறார்கள். "நம்மூரு அய்யனார் மாதிரி" என்று கும்பிட்டுக்கொண்டார். பழைய பதுங்குகுழிக் கோயில் இன்னும் தள்ளி இருக்கிறது, பெரும்பாலான வண்டிகள் புதியதற்குத்தான் போகும், டிரைவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவின் முழங்காலை உண்மையில் படுத்தியது நாதுலா படிக்கட்டு இல்லை, கேங்டாக் விடுதி. மலைச்சரிவில் கட்டியிருப்பதால் ரோட்டிலிருந்து உள்ளே போனால் வரவேற்பு மேசை, அறை அங்கிருந்து மூன்று மாடி கீழே, லிஃப்ட் கிடையாது. அறை பதிவு செய்யும்போதே கேளுங்கள். லிஃப்ட் என்றதும் ஞாபகம் வருகிறது, எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் மாதக்கணக்காக ஓடவில்லை, பராமரிப்புப் பணம் மட்டும் ஒன்றாம் தேதி தவறாமல் வாங்குகிறார்கள், கேட்டால் உதிரிபாகம் வரவேண்டும் என்கிறார்கள். சங்கத் தலைவர் தரைத்தளத்தில் குடியிருக்கிறார் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். நாதுலா ஏறிய அம்மா எங்கள் வீட்டு நான்காவது மாடிக்கு வரத் தயங்குகிறார்.

விஷயத்துக்கு வருவோம். திங்களும் செவ்வாயும் நாதுலா மூடியிருக்கும். இதை முதலில் பாருங்கள், ஏனென்றால் என்னோடு வேலை பார்ப்பவருக்கு நம்மூர் ஏஜென்ட் ஒருவர் செவ்வாய்க்கிழமையில் நாதுலா என்று அச்சடித்துக் கொடுத்து, சாங்குவோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெர்மிட் இல்லாமல் போக முடியாது, கேங்டாக்கில் பதிவு பெற்ற ஏஜென்ட் மூலம் முந்தைய நாளே வாங்க வேண்டும். வாக்காளர் அட்டை அல்லது பாஸ்போர்ட், பாஸ்போர்ட் அளவு போட்டோ இரண்டையும் கையில் வைத்திருங்கள். இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்தான் அனுமதி, வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் மகனோ மருமகளோ உடன் வந்தால் அவர்கள் சாங்குவோடு சரி. சிலிகுரியிலிருந்து கூட்டி வந்த வங்காள நம்பர் வண்டியும் மேலே போகாது, சிக்கிம் வண்டிதான் எடுக்க வேண்டும்.

பனி அதிகமாக விழுந்தால் வழியிலேயே நிறுத்திவிடுவார்கள். அப்போது "இத்தனை தூரம் வந்துட்டோமே, கொஞ்சம் பார்த்து விடுங்க" என்று டிரைவரிடம் பணத்தை நீட்டாதீர்கள். 2023 ஏப்ரல் 4 அன்று இதே சாலையில் பனிச்சரிவு விழுந்து 7 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள், அன்றைக்கு அவர்களுக்கு அனுமதி இருந்தது அந்த இடத்துக்கு முன்னாலேயே நின்றுவிடுகிற தூரத்துக்குத்தான். தெளிவான வானம் வேண்டும் என்றால் அக்டோபர், நவம்பர். பனியும் கொஞ்சம் வேண்டும் என்றால் ஏப்ரல். மழைக்காலத்தில் மண்சரிவால் சிலிகுரி சாலையே நின்றுபோகும், அம்மாவோடு போகிறவர்கள் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

விடிந்ததும் கிளம்புங்கள், மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிடும். அம்மாவை முன்சீட்டில் உட்கார வையுங்கள், வளைவுகளில் குமட்டாது. வழியில் கோட்டும் கம்பூட்டும் வாடகைக்குத் தருவார்கள், கம்பூட்டுக்கு உள்ளே போட நல்ல கம்பளி சாக்ஸ் நம்மிடமே இருக்கட்டும். தண்ணீர் அடிக்கடி குடிக்கச் சொல்லுங்கள். அப்படிக் குடித்தால் அடுத்த பிரச்சினை கழிப்பறை, இதை எந்தப் பயணக் கட்டுரையிலும் எழுத மாட்டார்கள். சாங்குவிலேயே காசு கொடுத்துப் போய்விட்டு ஏறச் சொல்லுங்கள்.