தொழில் வழிகாட்டி ஆலோசகர் ஆக முதுநிலைப் பயிற்சி: கேள்வி பதில்

பதினெட்டு ஆண்டுகளாகத் தொழில் வழிகாட்டி ஆலோசகராக இருக்கிறேன். சில ஆண்டுகளாக முதுநிலை மாணவர்களின் களப்பயிற்சியையும் மேற்பார்வையிடுகிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான் வேதியியல் பட்டதாரி. உளவியல் படிக்காமல் சேர முடியுமா, மேடம்?

பல இடங்களில் முடியும். ஆலோசனை உளவியல் துறையின் கீழ் நடக்கும் படிப்புகளில் மட்டும் உளவியல் அடிப்படை கேட்பார்கள். விண்ணப்பிக்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். சேர்க்கை நேர்காணலில் "மற்றவர்களுக்கு உதவ ஆசை" என்று மட்டும் சொன்னால் போதாது. தன்னார்வப் பணியோ, இளையோருக்குப் பாடம் சொல்லித் தந்ததோ, வேலை தேடும் ஒருவருக்கு விண்ணப்பம் எழுத உதவியதோ, ஏதாவது ஒன்றை விவரமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: கோட்பாடுகளை எல்லாம் ஏன் படிக்க வேண்டும்? வேலைகளைப் பற்றிய தகவல் தெரிந்தால் போதாதா?

போதாது. ஃபிராங்க் பார்சன்ஸ் 1908-இல் பாஸ்டனில் தொழில் ஆலோசனை நிலையம் தொடங்கியபோதே மூன்று படிகளைச் சொன்னார்: தன்னை அறிதல், வேலைகளை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல். தகவல் அதில் இரண்டாவது படி மட்டுமே. உளவியலாளர் ஜான் ஹாலண்டின் ஆறு ஆளுமை வகைகள், ஒருவருக்கு எந்த மாதிரி வேலையில் நாட்டம் என்று காட்டும் இன்றைய ஆர்வச் சோதனைகள் பலவற்றுக்கு அடிப்படை, அதையும் படிப்பீர்கள். இன்னொரு உளவியலாளரான டொனால்ட் சூப்பர், தொழில் என்பது வாழ்நாள் முழுவதும் வளர்வது என்றார். ஐம்பது வயதுக்காரர் உங்கள் எதிரில் வந்து அமரும்போது சூப்பரின் கருத்து கைகொடுக்கும்.

என்னை மிகவும் மாற்றியவர் ஆய்வாளர் லிண்டா காட்ஃப்ரெட்சன். ஏறத்தாழ 6 முதல் 8 வயதுக்குள்ளேயே "இது ஆண்கள் வேலை, இது பெண்கள் வேலை" என்று குழந்தைகள் பிரித்துவிடுகிறார்கள், பிறகு சமூக மதிப்பைப் பார்த்து மேலும் பலவற்றைக் கழிக்கிறார்கள் என்று 1981-இல் எழுதினார். அதைப் படித்த பிறகு "உனக்கு எது பிடிக்கும்?" என்பதோடு "எதையெல்லாம் வேண்டாம் என்று ஒதுக்கினாய், எப்போது?" என்றும் கேட்கத் தொடங்கினேன். இரண்டாவது கேள்விக்குத்தான் நல்ல பதில்கள் வருகின்றன.

கேள்வி: களப்பயிற்சியில் நாம் நடத்தும் ஆலோசனைச் சந்திப்பைப் பதிவுசெய்து மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

எனக்கும் கை நடுங்கியது. முதல் பதிவு 35 நிமிடம். அதில் 23 நிமிடம் நானே பேசியிருந்தேன். எதிரில் இருந்த மாணவி, "வீட்டில் எல்லோரும் மருத்துவம்தான் என்கிறார்கள்" என்று சொல்லி நிறுத்தினாள். அந்த மௌனம் தாங்காமல் நான் மருத்துவம் சார்ந்த படிப்புகளை வரிசையாக அடுக்கத் தொடங்கிவிட்டேன். மேற்பார்வையாளர் அந்த இடத்தில் பதிவை நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, மறுபடி போட்டார். "அந்தத் 'தான்' உன் காதில் விழவில்லையா?" என்று கேட்டார்.

அடுத்த சந்திப்பில் அந்த இடத்துக்கே திரும்பிப் போனேன். "எல்லோரும் மருத்துவம்தான் என்கிறார்கள் என்றாயே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. ஆய்வுக்கூடம் பிடிக்கும், நோயாளிகளைத் தொட்டுப் பார்ப்பதை நினைத்தால்தான் பயம் என்றாள். நான் அடுக்கிய பட்டியலில் அவளுக்கேற்ற படிப்புகள் இருந்திருக்கலாம். அவள் வாய் திறக்க நான் இடம்தான் விடவில்லை.

பதிவு செய்யும் முன் எதிரில் இருப்பவரின் சம்மதத்தைப் பெறுங்கள். சிறுவர் என்றால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். பிறகு உங்கள் குரலைக் கேளுங்கள். இந்தப் படிப்பில் இதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

கேள்வி: எனக்கு 43 வயது, ஆசிரியை. இனிமேல் படிக்கலாமா?

தாராளமாக. முழுநேரமாக ஓராண்டு, பகுதிநேரமாக இரண்டாண்டு என்று பல இடங்களில் நடத்துகிறார்கள். ஆனால் ஒன்று, அம்மா: பதிலைத் தெரிந்துவைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் பழக்கம் நம் ஆசிரியர்களுக்கு உண்டு. அதை மறப்பதற்குத்தான் உங்களுக்கு அதிக நாள் ஆகும்.

கேள்வி: இணையத்தில் ஆர்வச் சோதனைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிறகு ஆலோசகர் எதற்கு?

சோதனை பேச்சைத் தொடங்கி வைக்கும். "சமூக வகை" (ஹாலண்டின் ஆறில் ஒன்று, மற்றவர்களோடு பழகி உதவுவதை விரும்புவோர்) என்று முடிவு வந்த ஒருவர், நாள் முழுவதும் மனிதர்களோடு இருந்து களைத்துப்போனவராகவும் இருக்கலாம். அதைத் தாளில் பார்க்க முடியாது. சோதனையை நடத்தவும் முடிவை விளக்கவும் முறையான பயிற்சி தருவதும் இந்தப் படிப்பின் வேலை.

கேள்வி: பெற்றோர் வந்து, "எங்கள் பையனுக்கு நீங்களே சொல்லிப் புரியவையுங்கள்" என்றால் என்ன செய்வது?

இது வாரந்தோறும் நடக்கும். நெறிமுறை வகுப்பில் இதைப் பல நாள் விவாதிப்பீர்கள். பெற்றோரின் கவலை பெரும்பாலும் நியாயமானது. கடன், வருமானம், பாதுகாப்பு என்று காரணம் இருக்கும். அதை மரியாதையோடு முழுவதும் கேளுங்கள். பிறகு, நான் யார் பக்கமும் பேச வரவில்லை, அவன் என்னிடம் சொல்வதை அவன் அனுமதியின்றி உங்களிடம் சொல்லவும் மாட்டேன், உயிருக்கு ஆபத்து போன்ற நிலைகளில் மட்டும் விதிவிலக்கு என்று தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பையனும் அதே அறையில் இருக்கும்போது சொல்லுங்கள். அவன் நிமிர்ந்து உட்காருவதைப் பார்ப்பீர்கள்.