முதியோருக்கான உடல்நலச் செயலிகள்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் நடைப்பயிற்சிச் செயலியில் நாளுக்கு 10,000 அடிகள் என்று இலக்கு வைத்திருக்கிறோம். எழுபது வயதைக் கடந்தவர்களுக்கும் அது பொருந்துமா?

பதில்: பொருந்தாது. அந்த எண் மருத்துவர்கள் வகுத்ததன்று. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து ஜப்பானில் விற்பனைக்கு வந்த, அடிகளை எண்ணும் ஒரு கருவியின் பெயரிலிருந்து பரவியது. 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சராசரியாக 72 வயதுடைய பெண்களிடையே, நாளுக்குச் சுமார் 2,700 அடிகள் நடந்தவர்களைவிட 4,400 அடிகள் நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. 7,500 அடிகளுக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. ஆகவே, முதல் வாரம் பயனர் இயல்பாக நடப்பதைப் பதிவுசெய்து, அங்கிருந்து சிறிது சிறிதாக இலக்கை உயர்த்துங்கள்.

வாக்கரைப் பிடித்து நடப்பவரின் கை வீசாது என்பதால், அடிகளை எண்ணும் மணிக்கட்டுப் பட்டை அவருடைய அடிகளில் பலவற்றை விட்டுவிடும். தெருமுனை வரை போய்த் திரும்பியவரிடம் "சற்று எழுந்து நடக்கலாமே" என்று திரை சொன்னால், அவர் பட்டையைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. மேலும், 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளேனும் உடற்சமநிலைக்கும் தசை வலிமைக்குமான பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். அடிகளை மட்டும் எண்ணும் செயலியில் இவற்றுக்கு இடமே இல்லை.

கேள்வி: 220-லிருந்து வயதைக் கழித்து இதயத்துடிப்பு இலக்கைக் கணக்கிடலாமா?

பதில்: வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கோ இதய நோய்க்கோ இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுத்துக்கொள்பவரின் துடிப்பு, எவ்வளவு வேகமாக நடந்தாலும் அந்த இலக்கை எட்டாமல் போகலாம். நடக்கும்போது பேச முடிகிறதா, பாட முடியவில்லையா என்று கேளுங்கள். மிதமான உழைப்பை அறிய அதுவே போதும்.

கேள்வி: எழுத்தைப் பெரிதாக்கினால் போதாதா?

பதில்: போதாது. வயதாக ஆகக் கண்வில்லை மஞ்சளாவதால் நீல நிறச் சாயல்களைப் பிரித்தறிவது கடினமாகும். கீச்சென்ற எச்சரிக்கை ஒலி காதில் விழாது. வறண்ட விரல்நுனியைத் தொடுதிரை சில நேரம் உணராது.

கேள்வி: மாத்திரை நினைவூட்டல் மறுபடி ஒலித்ததால், என் கணவர் காலை மாத்திரையை இரண்டாம் முறையும் விழுங்கிவிட்டார். இதைத் தவிர்க்க வழி உண்டா அம்மா?

பதில்: உண்டு. இரண்டாம் முறை ஒலிக்கும்போது "மாத்திரை போடுங்கள்" என்று கட்டளையிடாமல், "காலை மாத்திரையைப் போட்டுவிட்டீர்களா?" என்று கேட்கும்படி வடிவமைக்க வேண்டும். "நினைவில்லை" என்பதற்கும் ஒரு பொத்தான் கட்டாயம் தேவை. பெரும்பாலான செயலிகளில் அதைத்தான் நான் காண்பதில்லை. அதை அழுத்தியதும், மீண்டும் போடாமல் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்கச் சொல்லும் செய்தி வர வேண்டும். அதுவரை, கிழமை குறித்த மாத்திரைப் பெட்டியே உங்களுக்கு உதவும்: அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று.