எல்லாக் கேள்விக்கும் ‘ஆமாம்’ என்றால் மதிப்பெண் என்ன சொல்லும்?

கேள்வி: நான் சிறப்பாசிரியை. லேசான அறிவுசார் குறைபாடுள்ள 16 வயது மாணவனுக்கும், ஆட்டிசம் உள்ள, பேச்சு அதிகம் வராத 14 வயது மாணவிக்கும் சுயமாக முடிவெடுக்கும் திறனை அளக்கும் வினாத்தாளைக் கொடுத்தேன். மாணவனுக்குக் கிட்டத்தட்ட முழு மதிப்பெண். ஆனால் வகுப்பில் எதற்கெடுத்தாலும் என் முகத்தைத்தான் பார்க்கிறான். மாணவிக்கு மதிப்பெண் போடவே முடியவில்லை. எங்கே தவறு?

பதில்: மாணவனின் மதிப்பெண்ணை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அவன் பொய் சொல்லவில்லை. கேள்வி புரியாவிட்டாலும், கேட்பவர் மனம் கோணக் கூடாது என்று நினைத்தாலும் ‘ஆமாம்’ என்றுவிடுவது இந்தப் பிள்ளைகளிடம் அடிக்கடி காண்பது. தலையாட்டினால்தான் நல்ல பிள்ளை என்று நாமே பழக்கியும் இருக்கிறோம்.

வினாத்தாளிலிருந்து 5 கேள்விகளை எடுத்து, சில நாள் கழித்துத் திருப்பிப் போட்டுக் கேளுங்கள். ‘என்ன உடுத்துவது என்று நானே முடிவு செய்கிறேன்’ என்பதற்கும், ‘வேறொருவர் முடிவு செய்கிறார்’ என்பதற்கும் ‘ஆமாம்’ வருகிறதா? இரண்டு மூன்று கேள்விகளில் இப்படி நடந்தால், ஆம்/இல்லை வடிவம் அவனுக்குப் பொருந்தாது. இரண்டு படங்களைக் காட்டி, ‘இதுவா, அதுவா?’ என்று கேளுங்கள். மறுமுறை படங்களை இடம் மாற்றி வையுங்கள். கடைசியாகக் கேட்டதையோ, எப்போதும் ஒரே பக்கத்தில் இருப்பதையோ தொடுகிற பிள்ளைகள் உண்டு. ‘எப்போதாவது’, ‘பெரும்பாலும்’ போன்ற சொற்கள் பலருக்குக் குழப்பம் தரும். பதில் வந்ததும், ‘நேற்று எதை நீயே தேர்ந்தெடுத்தாய்?’ என்று ஓர் உதாரணம் கேளுங்கள். உதாரணம் வராத ‘ஆமாம்’களுக்குத் தனிக் குறி இடுங்கள்.

எந்த அளவுகோல் என்பதும் முக்கியம். சுயமாக முடிவெடுப்பதை அளக்கப் பல வினாத்தாள்கள் உண்டு. 1995இல் வந்த ‘ஆர்க்’ அளவுகோலில் 72 கேள்விகள், மொத்தம் 148 மதிப்பெண்கள். ஒரே அமர்வில் முடிக்கப் பார்த்தால் பின்பாதி வெறும் களைப்பைத்தான் அளக்கும். நாள் மாற்றி, 15 நிமிடமாகப் பிரியுங்கள். 13 முதல் 22 வயதினருக்கான ‘செல்ஃப் டிடெர்மினேஷன் இன்வென்டரி’யில் 21 கேள்விகள்தான், கணினி வாசிப்பதைக் கேட்டும் பதில் தரலாம். உங்கள் மாணவனுக்கு நான் இதையே எடுப்பேன். 1994இல் வந்த ‘ஏ.ஐ.ஆர்’ அளவுகோல் திறனோடு வாய்ப்பையும் தனியாக அளக்கிறது. உங்களுக்கு மிகவும் தேவையானது அந்தப் பகுதி. தேர்ந்தெடுக்க வாய்ப்பே தராத வீட்டிலோ வகுப்பிலோ குறைந்த மதிப்பெண் வந்தால், குறை பிள்ளையிடம் என்று எப்படிச் சொல்வது?

மாணவியை வினாத்தாளுக்குள் திணிக்காதீர்கள். அவளை 10 பள்ளி நாட்கள் கவனித்து எழுதுங்கள்: ஒரு நாளில் எத்தனை முறை தேர்ந்தெடுக்க வாய்ப்பு கிடைத்தது, அவள் எதைச் செய்தாள், என்ன உதவியோடு செய்தாள். உதவியைத் தானாக, சைகையால், சொல்லிக்கொடுத்து, செய்துகாட்டி, கைபிடித்து என ஐந்து படிகளாகக் குறித்தால் போதும். கேட்டபின் 10 வினாடியாவது வாயை மூடிக் காத்திருங்கள். இடையில் மறுபடி கேட்டால் அவள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பேச்சுக்குப் பதிலாக அவள் தொட்டுக்காட்டும் படப் பலகையில் ‘வேண்டாம்’, ‘நிறுத்து’, ‘வேறு’ இருக்கின்றனவா? இல்லையென்றால், மறுக்க வழியில்லாத ஒருத்தியின் சம்மதத்தை எண்ணிக்கொண்டிருப்போம். தட்டைத் தள்ளிவிடுவதும் ஒரு முடிவுதான். அதை ‘நடத்தைப் பிரச்சினை’ என்று எழுதிவிட்டால் அவளுடைய திறனையே அழித்துவிடுகிறோம்.

சுயமாக முடிவெடுப்பதில் தேர்ந்தெடுப்பது ஒரு பகுதிதான். இலக்கு வைப்பது, திட்டமிடுவது, வழி சரிவராதபோது மாற்றிக்கொள்வது எல்லாம் இதில் சேரும். இருவருக்கும் அவர்களே விரும்பும் ஓர் இலக்கை எடுத்து, −2 முதல் +2 வரை ஐந்து நிலைகளை முன்கூட்டியே எழுதுங்கள். எதிர்பார்க்கும் நிலை 0. ‘பையைத் தானே அடுக்குவான், ஒருமுறை நினைவூட்டலோடு’ என்பது போல, கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். ‘தன்னம்பிக்கை கூடும்’ என்று எழுதினால் ஆளுக்கொரு மதிப்பெண் போடுவார்கள்.

பெற்றோரின் மதிப்பீடும் உங்களுடையதும் மாணவனுடையதும் பல நேரம் ஒத்துப்போகாது. சராசரி எடுக்காதீர்கள். எந்தக் கேள்வியில் இடைவெளி பெரிதோ, அதைப் பற்றி மூவரும் உட்கார்ந்து பேசுங்கள். வீட்டில் செய்வதை வகுப்பில் செய்யாத காரணம் பெரும்பாலும் அங்கேதான் வெளிவரும்.

ஆறு மாதம் கழித்து மறுபடி அளக்கும்போது, அதே ஆள், அதே இடம், அதே உதவி. முதல்முறை யார் வாசித்துக் காட்டினார், படம் இருந்ததா என்பதை இன்றே தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.