தை பிறந்தபின் குழந்தை: புகையிலையை எப்போது விடுவது?

தம்பி, தை பிறந்தபின் குழந்தைக்கு முயலவிருப்பதாகவும், யாங்கூன் கடையில் நிற்கும் நேரமெல்லாம் புகையிலை வைத்த வெற்றிலைச் சுருளை மெல்லுவதாகவும், இரவில் சிகரெட் பிடிப்பதாகவும் சொல்லி, மார்கழியில் நிறுத்தினால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள்.

போதாது. விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள்களும், முதிர்ந்து வெளிவர மேலும் சில நாள்களும் ஆவதால், தை மாதத்து விந்தணு ஐப்பசியிலேயே உருவாகத் தொடங்கிவிடும். அப்போது உடலிலுள்ள புகையிலை நஞ்சு அதன் மரபணுவைச் சிதைக்கக்கூடும். கருத்தரிப்புக்கு முன் தந்தை புகைத்திருந்தால் பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அச்சப்படும் அளவன்று, அலட்சியப்படுத்தும் அளவுமன்று.

ஆகவே புரட்டாசி முடியுமுன் இரண்டையும் விட்டுவிடுங்கள். பாக்கை மட்டும் மெல்லலாம் என்று சமாதானம் தேடாதீர்கள். புகையிலை இல்லாவிட்டாலும் அது வாய்ப்புற்றுநோய் தருவதே. பெண்ணின் உடம்பைப் பார்த்தால் போதும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், இந்த நாள்கணக்கைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.